முகூர்த்தக் கை

லாரியின் வேகம் குறைகிறது, அதை இழுக்கிற மனிதரின் உழைப்போ கூடுகிறது. இது எப்படி நடக்கும்? ஒரு மாதமாக இந்துமதியின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்.

மைதானம் மேடாக இருந்தால் நடக்கும். நாமக்கல் புறவழிச்சாலையை ஒட்டிய அந்த மைதானம் தோசைக்கல்லைப் போலத் தட்டை. எதிர்க்காற்று அடித்தால் நடக்கும். பதிவு எடுத்த அன்றைக்கு ஓர் இலைகூட ஆடவில்லை. ஆள் களைத்துவிட்டார் என்றால் உழைப்பும் சேர்ந்து குறைய வேண்டும். அதுவும் இல்லை. கடைசிப் பத்தடியில், லாரியை இழுத்த செம்மலையின் கைத்தசைகள் உயிரைக் கொடுத்து வேலை செய்கின்றன, லாரி மட்டும் சண்டிமாடுபோல நின்று நின்று நகர்கிறது.

கருவியில்தான் கோளாறு என்று அவள் முடிவு கட்டினாள். அவளே செய்த கருவி. ஆனாலும் தெருவில் சண்டை என்றால் முதலில் தன் பிள்ளையைச் சந்தேகப்படுகிற அம்மாக்களின் ரகம் அவள். கம்பிகளைப் பிரித்தாள், மின்கலத்தை மாற்றினாள், நிரலை வரிவரியாகத் துருவினாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

கருவியின் பெயர் பாரப்பட்டை. முழங்கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கட்டிக்கொள்கிற துணிப்பட்டை. போட்டியில் இறங்கும் வீரரின் பட்டை அவர் தசைகளுக்குள் ஓடும் மின்துடிப்பைப் படிக்கும். பார்வையாளரின் பட்டை அதே துடிப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அவர் கைக்குள் செலுத்தும். அங்கே ஒருவர் லாரியை இழுத்தால், இங்கே வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பவரின் கையும் இறுகும். சாதாரணமாக வலிக்காது. ஆனால் பாரம் என்றால் என்னவென்று கைக்குத் தெரிந்துவிடும்.

பலசாலியைப் பார்க்க மனிதர்கள் என்றைக்கும் கூடியிருக்கிறார்கள். உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றுகிறவனைச் சுற்றி ஊரே நின்றது. சர்க்கஸ் கூடாரத்தில் நெஞ்சின்மேல் பலகை போட்டு யானையை ஏற்றிக்கொண்டவனைக் காசு கொடுத்துப் பார்த்தது. கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முகம்தான். புடைத்த நரம்பையும் பிதுங்கிய கண்ணையும் பார்த்து, “அம்மாடி, எவ்வளவு கனம்” என்று தாங்களாகவே எடை போட்டுக்கொண்டார்கள். உள்ளே கூடான இரும்புக் குண்டைத் தூக்கிவிட்டு, மலையைத் தூக்கியவன்போல முக்கி முனகி ஏமாற்றியவர்களும் உண்டு. பாரப்பட்டை வந்ததும் அவர்கள் பாச்சா பலிக்கவில்லை. முகம் நடிக்கும், தசை நடிக்காது என்று கம்பெனிக்காரர்கள் ஊரெங்கும் பதாகை கட்டிவிட்டார்கள். ‘பட்டை பொய் சொல்லாது.’

வருகிற பங்குனியில் நாமக்கல் லாரி இழுவைப் போட்டியில் கூட்டம் முழுவதும் முதல்முறையாகப் பட்டை கட்டப்போகிறது. அதற்காகத்தான் திருச்சியிலிருந்து இந்துமதியை அனுப்பியிருந்தார்கள். சோதனைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்த அர்த்தநாரி வந்தான். தானும் போட்டியில் இழுக்கிறவன். முதல் நாள் பட்டையைக் கட்டிவிட்டபோது, “இதை எப்பக் கழட்டறதுங்க?” என்று கேட்டான். “ஏன், உறுத்துதா?” என்றாள். “இல்லீங்க, எப்ப மறுபடியும் கட்டிவிடுவீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு” என்றான். அப்புறம் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

அவளுடைய அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்மதித்தார், அரை மனதோடு. “லாரி ஓட்டுறவங்களத் தெரியும். லாரி இழுக்கிறதுன்னா என்னம்மா?” என்று கேட்டார். பங்குனிப் போட்டிக்கு வந்து நேரிலேயே பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அர்த்தநாரி காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்தான். மாமனார் முன்னால் ஜெயித்தாக வேண்டும், அவ்வளவுதான். வேறு பேச்சே இல்லை அவனுக்கு.

இந்த நிலையில்தான், பழைய பதிவுகளைச் சரிபார்க்கும்போது இந்துமதி அந்த விநோதத்தைக் கண்டாள். ஆடி மாதப் போட்டியில், சோதனைக்காகப் பட்டை கட்டிக்கொண்டு, செம்மலையும் வையாபுரி என்கிற பையனும் மோதினார்கள். இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில். சுண்ணாம்புக் கோட்டை யாருடைய லாரி முதலில் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. வையாபுரி ஜெயித்தான். செம்மலையின் பதிவில்தான் அந்தக் கடைசிப் பத்தடிக் கோளாறு.

ஒருநாள் மதியம் சாப்பிடக்கூட மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதுவரை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த துடிப்பைத் தசைவாரியாகப் பிரித்துப் போட்டாள். கையை மடக்கும் தசை ஒன்று, நீட்டும் தசை ஒன்று. ஒருவர் எதையாவது இழுத்தால் ஒன்று இறுகும், மற்றது வழிவிடும். செம்மலையின் கையில் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகியிருந்தன. ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன.

கோளாறு இல்லை. அந்த மனிதர் தன் கையையே எதிர்த்து மல்லுக்கட்டியிருக்கிறார்.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு செம்மலையின் பட்டறைக்குப் போனாள்.

செம்மலை லாரிக்குப் பாடி கட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியும் அந்த வட்டாரத்தில் அவரை இழுவையில் ஜெயித்தவர்கள் குறைவு. தொப்பை போட்டிருந்தார், மூக்குக் கண்ணாடியும் வந்துவிட்டது. ஆனால் தோள்களைப் பார்த்தால் யாரும் வம்புக்குப் போகமாட்டார்கள். வெல்டிங்கை நிறுத்திவிட்டு, “வாங்க அம்மிணி” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. “அண்ணா, ஆடி மாசம் வையாபுரிகிட்ட தோத்தீங்களே, ஏன்?”

“அவன் நல்லா இழுத்தான். நானு தோத்தேன்.”

“நீங்க இழுக்கவே இல்லை. இழுக்கற மாதிரி காட்டிக்கிட்டு அடக்கியிருக்கீங்க. முகமெல்லாம் முக்குது, கை பிரேக் போடுது. உங்க தசையிலயே இருக்கு.”

செம்மலை கையுறையைக் கழற்றினார். பட்டறையின் மறுகோடியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “டீ சாப்புடலாம் வாங்க” என்று வெளியே நடந்தார்.

டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “பந்தயம் கட்டி வித்துட்டேன்னு நெனச்சுட்டீங்களா?” என்றார்.

“நான் எதையும் நினைக்கலை. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

“வையாபுரிக்கு ஆவணியில கல்யாணமுங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“அதுதானுங்க இது.”

அவர் சொன்னது இதுதான். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கத்தில் கல்லைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண். பெண் வீட்டார் வந்து நிற்பார்கள், பையன் கல்லைத் தோளுக்கு ஏற்றிக் காட்ட வேண்டும். செம்மலையின் தாத்தாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒருவர் முழங்கால்வரை தூக்கிவிட்டுப் போட்டுவிட்டார். பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் கை கொடுக்க வேண்டும்போல இருந்திருக்கிறது. எப்படிக் கொடுப்பது? கல்லைத் தனியாகத்தானே தூக்க வேண்டும்.

“கல்லுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க. லாரி வந்தப்புறம்தான் பக்கத்துல இன்னொருத்தன் நிக்கறான். ஒருத்தன் ஜெயிக்கோணும்னா இன்னொருத்தன் கொஞ்சம் பின்னால நின்னா போதும். அப்பத்தான் இது வந்துச்சு. கல்யாணம் வெச்சுட்டு எவன் எறங்கறானோ, அவனுக்கு எல்லாரும் விட்டுருவோம். முகூர்த்தக் கைன்னு சொல்லுவோம்.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா அது ஜெயிச்சதா ஆகுமுங்களா? கல்யாணம் முடிஞ்சு, அடுத்த மாப்பிள்ளைக்கு அவன் விடறதுக்கு மொறை வரும் பாருங்க, அப்பத்தான் சொல்லுவோம். அன்னைக்குத் தெரியும் அவனுக்கு, தான் ஜெயிச்சது எப்படின்னு.”

“உங்களுக்கும் அப்படித்தான் தெரிஞ்சுதா?”

செம்மலை சிரித்தார். நன்றாக இல்லாத சிரிப்பு. “என்ர கல்யாணத்துக்கு முன்னால ஜெயிச்சு வெள்ளிக் காப்புப் பரிசு வாங்குனேன். ராத்திரி தூங்கறப்பவும் கழட்ட மாட்டேன். சொன்ன அன்னைக்குக் கழட்டினேன், அப்பறம் போடவே இல்லீங்க. ஆனா ஒண்ணு அம்மிணி. அதுக்கப்பறம் எத்தன பேருக்கு விட்டுருக்கேன். நல்லா நின்னு ஜெயிச்சதும் உண்டு, அதெல்லாம் மறந்துபோச்சு. விட்டதுதான் ஒவ்வொண்ணா ஞாபகம் இருக்குது. நம்மாள முடிஞ்சுது, விட்டோம். அந்த நெனப்பு நல்லாருக்குமுங்க.”

இந்துமதிக்கு உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு. இத்தனை வருஷமாகப் பலம் என்றால் எவ்வளவு தூக்குகிறார்கள், எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அளந்துகொண்டிருந்தாள். செம்மலையின் பதிவிலேயே மிக அதிகமான உழைப்பு அவர் தோற்ற அந்தப் பத்தடியில்தான் இருக்கிறது. இழுப்பதைவிட அடக்குவது கனம். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் அவளுக்கு இப்படிக் காட்டப்படவில்லை. அந்த மகிழ்ச்சியில் டீயை ஒரே மடக்கில் குடித்துத் தம்ளரை வைக்கும்போதுதான் அடுத்த விஷயம் உறைத்தது. பங்குனியில் மாப்பிள்ளை அர்த்தநாரி.

“அண்ணா, இவருக்கும் விடப்போறீங்களா?”

“பின்ன?”

“கூட்டம் பூரா பட்டை கட்டியிருக்கும். நீங்க விடறது பத்தாயிரம் பேர் கையில தெரியும்.”

செம்மலை தம்ளரைக் கீழே வைத்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அப்போ இந்த ஒருமுறை நிஜமா இழுத்துடுங்க. அவர் தோத்தா தோத்துட்டுப் போறார். எங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“உங்க வூட்ல சொல்ல மாட்டாங்க. அவனுக்கு?” என்றார். “மாமனார் வர்றாரு மாமனார் வர்றாருன்னு பையன் ஒரு மாசமா சோறு எறங்காம கெடக்கறான். அவனத் தோக்கடிச்சுட்டு நானு எப்படிக் கல்யாணத்துல வந்து பந்தியில உக்காருவேன்? என்னால ஆகாதுங்க. நீங்க உங்க பட்டைய எதாவது பண்ணுங்க.”

பட்டையை என்ன செய்வது? இந்துமதி மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி யோசித்தாள். அர்த்தநாரியிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவன் வெற்றி இறங்குவதற்கு முன்பே செத்துப்போகும். சொல்லாமல் விட்டால் அப்பா உட்பட ஊர் மொத்தமும் தங்கள் கையாலேயே தெரிந்துகொள்ளும், இது பிச்சை போட்ட வெற்றி என்று. மூன்றாவது வழி சின்னது. நிரலில் ஒரு வடிகட்டி. எதிரெதிர்த் தசைகள் இரண்டும் சேர்ந்து இறுகினால் அந்தத் துடிப்பை மட்டும் மழுப்பிவிடும். கூட்டத்துக்கு வெறும் களைப்பாகத் தெரியும். பட்டை பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பதாகை. பொய் சொல்ல வைக்க ஒரு மதிய வேளை போதுமானதாக இருந்தது. எழுதி முடித்துவிட்டுத் திரையைப் படாரென்று மூடினாள். தன்மேலேயே அவளுக்குக் கோபம்.

போட்டி நாளில் மைதானம் கொள்ளாத கூட்டம். ஆளுக்கு இரண்டு ஜோடிப் பட்டை. வலக்கையில் வலப்பக்க லாரி, இடக்கையில் இடப்பக்க லாரி. முன்சுற்றுகளில் ஒவ்வொருவர் இழுக்கும்போதும் கூட்டம் முழுவதும் சேர்ந்து பல்லைக் கடித்தது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர்கள் தங்கள் கை தானாக முறுக்கிக்கொள்வதைப் பார்த்துக் குழந்தைகள்போலச் சிரித்தார்கள். அப்பா முன்வரிசையில் இருந்தார். “இந்து, எனக்கு இவ்வளவு பலமிருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே” என்று மேசைப் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

முன்சுற்றில் மோதிய ஒவ்வொருவரும் அர்த்தநாரிக்கு விட்டார்கள். வடிகட்டி வேலை செய்தது. கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. கருவி மேசை சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இந்துமதி மட்டும் வடிகட்டாத பட்டையைக் கட்டியிருந்தாள். ஒவ்வொருவர் விட்டபோதும் அவள் கை வலித்தது.

இறுதிச் சுற்று. வலப்பக்கம் செம்மலை, இடப்பக்கம் அர்த்தநாரி. தோள்வாரை மாட்டிக்கொண்டு, முன்னால் கட்டியிருந்த வடத்தைப் பிடித்துக் குனிந்தார்கள். விசில் ஊதியதும் இரண்டு லாரிகளும் முனகிக்கொண்டு கிளம்பின. பாதி தூரம்வரை இரண்டு கையிலும் ஒரே மாதிரிப் பாரம், சுத்தமான பாரம். என்ன ஒரு இழுப்பு. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கடைசிப் பத்தடி வந்தது. எதிர்பார்த்ததுபோலவே வலக்கையில் அந்த முறுக்கல் தொடங்கியது. செம்மலை விடுகிறார். அவள் பெருமூச்சு விட்டாள். அதற்குள் இடக்கையும் முறுக்கியது.

முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. இடக்கையைத் தடவிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அர்த்தநாரியும் அடக்குகிறான்.

இரண்டு லாரிகளும் தேங்கின. ஊர்ந்தன. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் இரண்டும் அப்படியே நின்றன. கோட்டருகே இருந்ததால் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது அவளுக்குக் கேட்டது.

“இழுடா மாப்ள. என்ன பண்ற?”

“நீங்க இழுங்கண்ணா. எனக்கு வேண்டாம்.”

“கல்யாணத்த வெச்சுட்டு என்னடா பேச்சு இது?”

“எல்லாம் தெரியுமுங்ணா. ஆடியில வையாபுரிக்கு நீங்க விட்டப்ப, சோதனைக்குப் பாக்கறவங்க பட்டை என் கையிலதான் இருந்துச்சு. நெசமா ஜெயிக்கத்தான் பயிற்சி பண்ணேன், முன்சுத்துல எல்லாருமே விட்டுட்டாங்க. விட்டுக்குடுத்தத வாங்கிட்டு அவங்கப்பா மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? தோத்துட்டா நிமிந்து பாக்கலாம். இழுங்க.”

ஆடியிலிருந்து தெரியும். அவள் தலையை உடைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இவனுக்குத் தெரியும். அவளிடம்கூட மூச்சு விடவில்லை. அவளும்தான் வடிகட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆளாளுக்கு அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கூட்டம் பொறுமை இழந்தது. வடிகட்டி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் சொத்தென்ற ஒரு தளர்ச்சி. “சோறு திங்கலையா ரெண்டு பேரும்?” என்று ஒருவன் கத்தினான். “கைவண்டி குடுங்கடா, அதையாவது இழுக்கட்டும்” என்றான் இன்னொருவன். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. செம்மலையின் கழுத்து நரம்பு தெறிக்கிற மாதிரி நின்றது. அர்த்தநாரியின் முழங்கால் நடுங்கியது. ஆயுசில் இதுவரை போடாத பலத்தை இரண்டு பேரும் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஊர் அவர்களைச் சொங்கி என்று சிரித்தது. அதுவும் அவளால்.

இந்துமதிக்கு அழுகை வந்துவிட்டது. வடிகட்டியைப் பிடுங்கிப் போட்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. பத்தாயிரம் பேருடைய இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் முறுக்கிக்கொண்டன. இது முன்சுற்றுகளில் தெரிந்த பாரம் இல்லை. முன்னால் போகத் துடிக்கிற கையை அதே கை பிடித்து நிறுத்துகிறது. ஆண்கள் புரியாமல் கையை உதறிக்கொண்டும் பட்டையைத் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். பெண்கள் பகுதியில்தான் முதலில் அமைதி விழுந்தது. அங்கே ஒரு நடுவயதுக்காரி, தன் கையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

“இது இழுக்கறது இல்ல புள்ள. அடக்கிட்டு இருக்கறது. நமக்குத் தெரியாததா?”

அது அப்படியே பக்கத்து வரிசைக்குப் போனது, அதற்கடுத்த வரிசைக்கும் போனது. ஒருவரும் கத்தவில்லை. பழைய இழுவைக்காரர்கள் ஒரு மூலையில் கூட்டமாக நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூட்டி வைத்திருந்த ரகசியம் நட்ட நடு மைதானத்தில் கிடந்தது.

கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கால் மடங்கியது. கட்டைக்காரர்கள் ஓடிவந்து சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்தார்கள். கோட்டை யாரும் தொடவில்லை. நடுவர் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் தோற்றதாக அறிவித்தார். கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. வழக்கமாகப் போட்டி முடிந்ததும் பட்டையைத் திருப்பிக் கொடுக்க முண்டியடிக்கிற கூட்டம் வெகுநேரம் கழற்றாமலே உட்கார்ந்திருந்தது.

அப்பா கோட்டைத் தாண்டி வந்து, மண்ணில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரியின் முன்னால் நின்றார். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவர் விடவில்லை. தன் இரண்டு முழங்கைகளையும் தடவிக்கொண்டே, “எனக்கே இப்படி வலிக்குது. பத்து மடங்கு உங்களுக்கு எப்படி வலிச்சிருக்கும் மாப்பிள்ளை?” என்றார். அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இந்துமதி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்த பிறகு, கூட்டம் கலைந்த மைதானத்தில் அவள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி தோள்வாரை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். செம்மலை துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

“போச்சு அம்மிணி. இனி எவனுக்கும் விட முடியாது. கை காட்டிக் குடுத்துரும்.”

“மன்னிச்சுக்கங்கண்ணா. நான் மழுப்பித்தான் வெச்சிருந்தேன். அவங்க சிரிச்சதைத் தாங்க முடியலை.”

“அட, நீங்க என்ன பண்ணுவீங்க.” போகப் புறப்பட்டவர் நின்றார். துண்டை உதறினார், மறுபடி மடித்தார். “ஒண்ணு கேக்கட்டுமா? சும்மாதான். ரெண்டு பேரும் அடக்காம இழுத்திருந்தா யாரு கோட்டத் தொட்டிருப்பா? உங்க பொட்டியில தெரியுமில்ல?”

தெரியும். தெரியாமல் என்ன? சும்மா இருக்கிற மூளையா அவளுக்கு? இழுத்தவர்களின் சட்டை ஈரம் காய்வதற்குள் அவள் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டாள். யார் எவ்வளவு அடக்கினார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தால் முடிந்தது. அர்த்தநாரி அடக்கியது செம்மலை அடக்கியதைப்போல இரண்டு பங்கு. இருவரும் முழுசாக இழுத்திருந்தால் அவன் லாரி முழுதாக இரண்டு முழம் முன்னால் போய் நின்றிருக்கும். செம்மலை விட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இதுவரை எந்தக் கணக்கையும் அவள் மாற்றிச் சொன்னதில்லை. பரீட்சையில்கூடப் பக்கத்துப் பெண்ணுக்கு விடை சொன்னதில்லை. அவள் செம்மலையைப் பார்த்தாள். அலட்சியமாக நிற்பவர்போலத்தான் நின்றார். ஆனால் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த விரல்கள் நிற்கவில்லை.

“நீங்கதாண்ணா” என்றாள். “நல்ல வித்தியாசத்துல.”

“அப்படிங்களா?”

“எனக்கு அப்பவே தெரியுமுங்ணா” என்றான் அர்த்தநாரி, தோள்வாரிலிருந்து தலையைத் தூக்காமல். “பாதியிலயே எனக்கு மூச்சு வாங்கிருச்சு. நீங்க மட்டும் விட்டிருக்கலைன்னா நாறிப்போயிருப்பேன்.”

செம்மலையின் முகம் மலர்ந்தது. “நானு சும்மாத்தான் கேட்டேன்” என்று சொல்லி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்ததைவிட வேகமாக நடந்து போனார்.

அவர் வெளிவாசலைத் தாண்டிவிட்டார். இந்துமதிக்கு அவனை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. அவனுடைய வெற்றியைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள், அவனைக் கேட்காமலே.

“நான் சொன்னது...” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும். இழுத்தது என் கைதானே, இந்து.”

அவள் கம்பியைச் சுருட்டுவதை நிறுத்தினாள். அந்த எண் வாய்வரை வந்து நின்றது. சொன்னால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

“எவ்வளவு வித்தியாசம்னு மட்டும் சொல்லட்டுமா?”

அர்த்தநாரி தோள்வாரின் கடைசி மடிப்பை அழுத்தினான். அவனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அது முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

“செம்மலையண்ணன் இருக்கற வரைக்கும் வேண்டாம்” என்றான். பிறகு தோள்வாரைத் தூக்கிக்கொண்டு, அவளுடைய அப்பா டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்தான்.